இரண்டேகால் அடி

மேகம் தலைக்கு மேலாகப் போகும், மழை வேறெங்கோ பெய்யும். அப்படிப்பட்ட மேட்டுநிலம் அது. அதன் உச்சியில், கிளுவை முள்வேலிக்குள், ஒரு சிறிய மடம் இருந்தது. உமையாள் அம்மை என்பவர் அதன் தலைவி. வயது நாற்பத்துநான்கு, கிணறு வெட்டுகிறவர் ஒருவரின் மகள். அவரிடம் சீடராக இருந்த நஞ்சப்பருக்கு வயது அறுபத்திரண்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மையை ‘அம்மா’ என்பார்; அம்மை அவரை ‘ஐயா’ என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

மடத்துக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு உண்டு. அந்தக் காட்டில் பயிரிட நினைக்கும் குடியானவருக்கு மடம் முதலில் ஒரு சொல் கொடுக்கும். அதற்குக் குழிச்சொல் என்று பெயர். மடத்தைச் சேர்ந்த ஒருவர் குழி வெட்டி, அடியில் கிடைத்ததில் ஒரு பிடி எடுத்துவந்து, விளக்கின் முன் தட்டில் வைத்து, அங்கே மண் எத்தனை அடி என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நிலம் கொடுப்பவர் நிலத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மடத்தை நிறுவியவர் வகுத்த முறை அது. சொல்லை நம்பிக் குடியானவர் காலூன்றுவார், அல்லது விலகிப் போவார்.

அந்தச் சித்திரையில் குழிச்சொல் கேட்டு வந்தவர்கள் செங்கோடனும் அவன் மனைவி பாவாயியும். ஏழு ஆண்டுகளாக அந்தக் காட்டில் ஆடு மேய்த்து, மழை வந்தால் மேலாக உழுது சோளம் விதைத்துக் காலம் தள்ளியவர்கள். செங்கோடனுக்கு ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்துக்குத் தங்க அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாவாயிக்குப் போக மனமில்லை. ஆடுகளை ஆலை அறைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. காட்டில் நெல்லி வைத்தால் நின்று பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் நெல்லிக்கு ஆழமான மண் வேண்டும். ஆழம் இல்லாத இடத்தில் வைத்தால் நான்கைந்து ஆண்டு தழைத்துக் காட்டிவிட்டுக் காயத் தொடங்கும். அதற்குள் ஆலை வேலையும் கைவிட்டுப் போயிருக்கும். மண் இருந்தால் இருப்பது, இல்லையென்றால் போவது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டு வந்தார்கள்.

அம்மை அப்போது வெளியூர் சென்றிருந்தார். குழி வெட்டும் பொறுப்பு நஞ்சப்பருக்கு வந்தது.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். முறைப்படி ஒரு குழி போதும்; அவர் மூன்று வெட்டினார். மேட்டின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, சரிவின் அடியில் ஒன்று. மூன்றிலும் முதலில் ஒரு முழம் செம்பழுப்பு மண். அதன்கீழ் வெளிறிய பழுப்பு. அதில் வெள்ளை நூலை இழைத்தாற்போன்ற கோடுகள். அதன்கீழ் முழு வெள்ளை. அந்த வெள்ளையில் கடப்பாரை ‘ணங்’கென்று நின்றது. தோள்வரை அதிர்ந்தது. மடக்குக்கோலை இறக்கி அளந்தார். முதல் குழியில் இரண்டேகால் அடி. நடுக்குழியில் இரண்டேகால் அடி. மூன்றாவதிலும் அதுவே. ஒரு விரற்கடை கூடவில்லை, குறையவில்லை.

அளவுகள் ஒத்துவந்ததில் அவருக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது உண்மை. மேட்டின் ஈசானிய மூலையில் கரும்பாறை ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதுவே நிலத்தின் அடியிலும் ஓடுகிறது என்று அவர் முடிவு செய்தார். ஊராரும் அந்த வெள்ளையைச் சுக்கான்பாறை என்றுதான் சொல்லிவந்தார்கள்.

நடுக்குழியிலிருந்து பெயர்த்த வெள்ளைக் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து, விளக்கின் முன் நின்று அவர் சொன்னார்:

“இரண்டேகால் அடி. அதன்கீழ் பாறை.”

பாவாயி அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாறைதானுங்களா, சாமி?” என்று ஒருமுறை கேட்டாள்.

“மூன்று குழியிலும் ஒரே அளவு, அம்மா.”

“வாத்தியாரய்யா அளந்தா அளந்ததுதான். வா, போலாம்,” என்று செங்கோடன் அவளை அழைத்துக்கொண்டு போனான். வாசல்வரை சென்றவள் திரும்பி நின்று, ஏழு வருஷமாக ஒரு பாறைமேல் நின்றுகொண்டு வானத்தைத் திட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, சிரிக்க முயன்று, முடியாமல் நடந்தாள்.

அன்றிலிருந்து நஞ்சப்பருக்குச் சோறு இறங்கவில்லை. தவறு செய்துவிட்டோம் என்ற எண்ணம் அல்ல. அளவில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஒரு குடும்பத்தைக் கிளப்பியது தன் வாய் என்பதுதான் உறுத்தியது. விடியலில் கண்ணை மூடி அமரும்போதும் கடப்பாரையின் அந்த ஒலியே கேட்டது. ஆறு ஆண்டுகளாக அமர்கிறார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே இறங்குவார். பிறகு ஏதோ ஒன்றில் முட்டி நின்றுவிடுவார். நாள் தவறாமல் அதே இடம். முன்பெல்லாம் அதற்குப் பெயர் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டதாக நினைத்தார்.

அம்மை புதன்கிழமை காலையில் திரும்பினார். கால் கழுவி உள்ளே வந்தவரிடம் நஞ்சப்பர் இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலாவது, செங்கோடன் குடும்பம் வெள்ளிக்கிழமை பத்து மணிப் பேருந்தில் கிளம்புகிறது. ஆடுகளைப் பாவாயியின் தம்பி வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். இரண்டாவது, தானும் விடைபெற விரும்புகிறார்.

“ஏனுங்க ஐயா?”

“என்னை நானே அளந்து பார்த்துவிட்டேன், அம்மா. ஒரு மட்டத்துக்குக் கீழே எனக்கு ஆழம் இல்லை. இருக்கிறதுபோல் இங்கே உட்கார்ந்திருப்பது நேர்மை ஆகாது.”

“எங்க போவீங்க?”

“மகள் வீட்டுக்கு.”

“கூப்பிட்டாளா?”

நஞ்சப்பர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

“வெள்ளிக்கிழமை கேளுங்க,” என்றார் அம்மை. “அவங்களுக்கும் வெள்ளிக்கிழமை, உங்களுக்கும் வெள்ளிக்கிழமை.”

பிறகு விளக்கின் முன்னிருந்த தட்டை எடுத்தார். வெள்ளைக் கட்டியைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் புரட்டினார். பூசைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாதியாக அரிந்து, கட்டியின்மேல் நாலு சொட்டுப் பிழிந்தார்.

சாறு பட்ட இடம் மெல்லச் சீறி நுரைத்தது.

நஞ்சப்பர் குனிந்து பார்த்தார். அமிலம் சுண்ணாம்பில் பட்டால் வாயு கிளம்பும் என்பதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவர் அவர். ஒருநாளும் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததில்லை.

அம்மை மறுபாதியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். ஈசானிய மூலைக் கரும்பாறையின் முதுகில் அதைப் பிழிந்தார். சாறு வழிந்து ஓடியது. நுரைக்கவில்லை.

“உறவுக்காரங்க மாதிரித் தெரியலையே ஐயா,” என்றார்.

ஆனாலும் நஞ்சப்பர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. சுண்ணாம்புப் பாறையும் நுரைக்கத்தான் செய்யும் என்றார். நுரைத்ததால் அது பாறை அல்ல என்று ஆகிவிடாது என்றார்.

“சரிதானுங்க,” என்று அம்மை ஒப்புக்கொண்டார். சற்று நடந்துவிட்டு, “மூணு குழியும் ஒரே ஆழமா?” என்று கேட்டார்.

“ஒரே ஆழம்.”

“மேட்டுலயும்? பள்ளத்துலயும்?”

“ஒரு விரற்கடை வேறுபாடில்லை, அம்மா.”

“அந்த மூலைப் பாறையைப் பாருங்க. ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் பள்ளம். அது என்ன உங்க பள்ளிக்கூடத்துல படிச்சுதா, நிலத்துக்கு அடியில போய் வரிசையில நிக்கறதுக்கு?”

தான் எதை உறுதி என்று எண்ணியிருந்தாரோ அதுவே இப்போது கேள்வியாக நின்றது. மூன்று அளவும் ஒத்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தாரே தவிர, ஏன் ஒத்திருக்கவேண்டும் என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“அப்படியென்றால் அது பாறை இல்லையா?”

“எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பா சுக்கானைக் கண்டா வெட்டறதை நிறுத்திப்போட்டுத் தண்ணி ஊத்துவாரு. சில காட்டுல இளகும். சில காட்டுல அடியில நெசமாவே பாறைதான் இருக்கும். என்ன ஊத்தினாலும் இளகாது. ஊத்திப் பார்க்காம சொல்ல மாட்டாரு.”

சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது சொல்லுக்கு எளிது. மடத்துக் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. குடிநீர் போக, ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் என்று அளவு வைத்திருந்தார்கள். அம்மை தன் இரண்டு குடத்தையும் நடுக்குழியில் ஊற்றினார். நஞ்சப்பர் தன்னுடையதையும் கொண்டுவந்து ஊற்றினார். வெள்ளை அதைக் குடித்துவிட்டு மறுபடி உலர்ந்ததுபோல் கிடந்தது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பாவாயி, குழிக்குள் தண்ணீர் போவதைக் கண்டு அப்படியே நின்றாள்.

“ஆட்டுக்கே தண்ணி இல்லைங்கம்மா. குழிக்கு ஊத்தறீங்களே.”

அம்மை அவளிடம் எதையும் மறைக்கவில்லை. சொன்ன சொல் சரியா என்று பார்க்கிறோம், சரியாகவே இருக்கலாம், வெள்ளிக்கிழமை காலையில் தெரியும், அதுவரை மூட்டையை அவிழ்க்கவும் வேண்டாம், நம்பிக்கை வைக்கவும் வேண்டாம் என்றார்.

பாவாயி குழியின் விளிம்பில் குந்தினாள். “நம்பாம இருக்கறது எப்படின்னும் சொல்லிக்குடுத்துட்டுப் போங்கம்மா,” என்றாள்.

அம்மை நனைத்த சாக்கின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். குழியின் அடியில் அதைப் பரப்பி, வாயைப் பனையோலையால் மூடினார்கள்.

வியாழக்கிழமை காலையிலும் நான்கு குடம் ஊற்றினார்கள். இரண்டு நாளாக இருவரும் குளிக்கவில்லை. நண்பகலில், அம்மை உள்ளே இருக்கும்போது, நஞ்சப்பர் தனியாகக் குழிக்கு வந்தார். வெட்ட வேண்டாம் என்று அம்மை சொல்லியிருந்தார். தட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கின் ஓரத்தைத் தூக்கி, கடப்பாரையின் முனையால் ஒரு தட்டுத் தட்டினார்.

‘ணங்’கென்றது.

முன்னைவிட ஒலி மங்கியிருந்ததா, இல்லையா? அப்படியிருக்கவேண்டும் என்று தன் காது ஆசைப்படுகிறதோ என்று அவருக்கு ஐயம் வந்தது. மறுபடி தட்டத் துணியவில்லை. சாக்கை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே அம்மை நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சொல்லுச்சுங்க?”

“அதேதான் சொல்கிறது, அம்மா.”

“நீங்க அதே கேள்வியைக் கேட்டா அது அதைத்தானே சொல்லும்,” என்றுவிட்டு, அம்மை அரைக்குடம் தண்ணீரைச் சாக்கின்மேல் ஊற்றினார். குடிப்பதற்காக அவர் எடுத்துவைத்திருந்த தண்ணீர் அது.

அன்று மாலை செங்கோடன் வந்து ஆட்டுப்பட்டியின் பூட்டுச் சாவியை ஒப்படைத்தான். மூட்டைகளைப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டதாகச் சொன்னான். குழியைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. போகும் வழியில் மட்டும், ஓலை மூடிய இடத்தை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பொழுது புலரும்போது நால்வரும் குழியருகே இருந்தார்கள். பாவாயியின் தம்பி குப்பணன், ஆடுகளை ஏற்றிப்போகச் சின்ன சரக்கு வண்டியோடு வந்து, வேலியோரம் நிறுத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றான்.

அம்மை ஓலையை விலக்கினார். சாக்கை எடுத்தார். கடப்பாரையை எடுக்கப் போன நஞ்சப்பரைத் தடுத்து, மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

“இதுலயா?” என்று கேட்டார் நஞ்சப்பர்.

“பாறையா இருந்தா மழுங்கிடும். மழுங்கட்டும்.”

அவர் குழிக்குள் இறங்கினார். மண்வெட்டியை இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். ஓங்கினார்.

ஒலியே எழவில்லை.

மண்வெட்டியின் தகடு பாதிவரை வெள்ளைக்குள் இறங்கி நின்றது. இழுத்தபோது, நனைத்த புட்டுமாவைப்போல் ஒரு வெள்ளைப் பாளம் பெயர்ந்து வந்தது. நஞ்சப்பர் அதை ஒரு கையில் எடுத்து அழுத்தினார். விரலிடுக்கில் உதிர்ந்தது. அம்மையை அண்ணாந்து பார்த்தார்.

“வெட்டுங்க ஐயா. இன்னும் தெரியலை,” என்றார் அம்மை. அவர் குரலிலும் ஒரு பதற்றம் இருந்தது.

வெள்ளை அதோடு முடியவில்லை. நஞ்சப்பருக்கு மூச்சு வாங்கவே செங்கோடன் இறங்கினான். தண்ணீர் எட்டாத ஆழத்தில் வெள்ளை மறுபடி இறுகியிருந்தது. மண்வெட்டியைக் கரையில் எறிந்துவிட்டுக் கடப்பாரையை வாங்கினான். ஒரு குத்து நின்றது. அடுத்த குத்தும் நின்றது. பாவாயி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது குத்தில் கட்டி ஒன்று பிளந்தது. கடப்பாரை ஒரு சாண் ஆழம் நழுவி உள்ளே போயிற்று.

கட்டியைப் புரட்டினான். அதன் அடிப்பக்கம் பழுப்பாக இருந்தது.

வெள்ளை ஒன்றேகால் அடியோடு முடிந்திருந்தது; அதன்பின் பழுப்பு மண். மேலே இருந்ததைப்போலவே பொலபொலப்பான மண். மொச்சைக்கொட்டை அளவுக்கு அங்கங்கே வெள்ளை உருண்டைகள், அவ்வளவுதான். நாலரை அடியில் செங்கோடன் வெட்டுவதை நிறுத்திக் குனிந்தான். குழியின் பக்கச் சுவரிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர் நீண்டு, எதிர்ச்சுவருக்குள் போயிருந்தது. தோலெல்லாம் சுண்ணாம்பு படிந்த வேர். உயிருள்ள வேர், நகத்தால் கீறியபோது பசுமை தெரிந்தது.

முப்பது தப்படி தொலைவில் ஒரு வெள்வேல மரம் நின்றது. அருகில் வேறு மரம் இல்லை.

செங்கோடன் மரத்தையும் வேரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏழு வருஷமா அந்த மரத்து நிழல்லதான் சோறு தின்னோம்,” என்றான். “அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.”

அவன் வெட்டிக்கொண்டே போனான். நஞ்சப்பர் மடக்குக்கோலை இறக்கினார். ஐந்தடி. ஐந்தரை. ஆறடியில் கோல் முடிந்துவிட்டது. மண் முடியவில்லை.

அம்மை அடிமண்ணில் ஒரு பிடி கேட்டு வாங்கினார். அதைத் தான் பார்க்காமல் பாவாயியிடம் நீட்டினார்.

“கன்னத்துல வெச்சுப் பாரு.”

பாவாயி கன்னத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சித்திரை வெயில் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

“சில்லுன்னு இருக்குதுங்கம்மா.”

எந்தத் தண்ணீர் அவ்வளவு கீழே போயிருக்கும் என்று செங்கோடன் கேட்டான். நாம் ஊற்றிய தண்ணீர் வெள்ளையைக்கூடத் தாண்டவில்லையே. பாவாயிதான் யோசித்துச் சொன்னாள். நான்கு ஆண்டுக்கு முன் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்ததே, பட்டிக் கூரை சரிந்ததே, அந்த மழையாக இருக்கும் என்றாள். சொல்லும்போதே அவள் அழத் தொடங்கியிருந்தாள். மண்ணைக் கன்னத்திலிருந்து எடுக்காததால் அது கண்ணீரோடு சேர்ந்து மோவாய்வரை வழிந்தது.

முறை என்று ஒன்று இருந்தது. அதை நஞ்சப்பரே நினைவூட்டினார். சொன்ன சொல்லை எடுக்க வேண்டும் என்றார். மடத்தில் அதுவரை யாரும் குழிச்சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை. எப்படி எடுப்பது என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. அதனால் அவர் தானாக ஒரு முறை செய்துகொண்டார். மண் படிந்த வேட்டியோடு விளக்கின் முன் போய் நின்றார். தட்டிலிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாவாயி கொடுத்த ஈரமண்ணைத் தட்டில் வைத்தார்.

“நான் இரண்டேகால் அடி என்றும், அதன்கீழ் பாறை என்றும் சொன்னேன். தவறு. ஆறடிவரை மண். அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரல் தெளிந்திருந்தது. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில், பார்க்கவில்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது இவ்வளவு இலேசான சொல் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

செங்கோடன் வேலியோரம் நின்று ஆலைக்குத் தொலைபேசியில் பேசினான். வரவில்லை என்றான். மறுமுனையில் காரணம் கேட்டிருக்கவேண்டும். “மண்ணு இருக்குதுங்க,” என்றான். அவர்களுக்கு விளங்கவில்லை போலும். “மண்ணுங்க. ஆறடி. அடியில இன்னும் இருக்குது,” என்று விளக்கிவிட்டு, அவர்கள் வைத்த பிறகும் தொலைபேசியைச் சிறிது நேரம் காதிலேயே வைத்திருந்தான்.

குப்பணனுக்கு மனம் ஆறவில்லை. விடிகாலையில் எழுந்து, வண்டி பிடித்து, பதினெட்டு மைல் வந்தவன் அவன். ஆடு இல்லையென்றால் வெறும் வண்டியாகத் திரும்புவதா என்று அக்காவிடம் முணுமுணுத்தான்.

“வெறும் வண்டியா எதுக்குப் போறே? பஸ் நிக்கற எடத்துல மூட்டை கெடக்குது. ஏத்திட்டு வந்து எறக்கிப்போட்டுப் போ,” என்றாள் பாவாயி. “அப்படியே அண்டாவையும் பார்த்து எடுத்துட்டு வா. டீக்கடைக்காரரு அதுல தண்ணி புடிச்சு வெச்சிருப்பாரு.”

வண்டி கிளம்பிப் போயிற்று. நெல்லி வைப்பதற்கான குழிகளை எப்போது எடுப்பது, மழைக்கு முன் எத்தனை எடுத்துவிட முடியும், வெள்ளை வரும் இடங்களில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே ஆடுகளுக்குப் பின்னால் நடந்தார்கள். சரிவில் இறங்கி மறையும்வரை அவர்கள் பேச்சு கேட்டது. பாவாயி ஏதோ சொல்ல, செங்கோடன் சிரித்தது கேட்டது.

நஞ்சப்பர் நடுக்குழிக்குத் திரும்பி வந்தார். மடியிலிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்த இடத்திலேயே வைக்க எண்ணியிருந்தார். குழியோ இப்போது ஆறடிக்குக் கீழே போயிருந்தது. எந்த மட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மை வந்து எதிர்க்கரையில் அமர்ந்தார். இரண்டு நாள் குளிக்காத களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது.

“வெள்ளிக்கிழமை ஆச்சுங்க ஐயா. ஏதோ கேக்கோணும்னீங்க.”

நஞ்சப்பர் வாயைத் திறந்தார். கேட்க எண்ணியிருந்தது வரவில்லை. குழியின் சுவரைப் பார்த்தார். மேலே பழுப்பு, கீழே பழுப்பு. நடுவில், கோடு கிழித்ததுபோல், அந்த வெள்ளை. மற்ற இரண்டு குழிகளிலும் அது அதே மட்டத்தில் ஓடும்.

“இது என்ன, அம்மா?” என்று அவர் கேட்டார். “பாறை இல்லை. சரி. மேலேயும் கீழேயும் மண் இருக்க, இது மட்டும் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தது? மூன்று குழியிலும், அதே இரண்டேகாலில்?”

“இந்த மண்ணு பூராவுமே சுண்ணாம்புதானுங்க, கலந்திருக்கறது கண்ணுக்குத் தெரியாது. மழை பேஞ்சா அதைக் கரைச்சு எடுத்துட்டுக் கீழ எறங்கும். நம்மூரு மழை கொஞ்சம். ஒரு தூரம் போனதும் தீந்துரும். எங்க தீருதோ, அங்க கையில இருக்கற சுண்ணாம்பை வெச்சிட்டுப் போயிரும். வருஷா வருஷம் அதே தூரம். மேட்டுலயும் அதே தூரம், பள்ளத்துலயும் அதே தூரம்.”

நஞ்சப்பர் கையிலிருந்த கட்டியைப் பார்த்தார்.

“அப்படியானால், கோலை வைத்து மூன்று குழியிலும் நான் அளந்தது...”

“மழையைத்தாங்க ஐயா அளந்தீங்க,” என்றார் அம்மை. “மண்ணை இல்லை.”